எல்லை கடந்த அலைகள்: ஜெர்மன் மொழித் தொலைக்காட்சியின் கதை

இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

முன்னுரை

எங்கள் வீட்டின் மூலையில் ஒரு பழைய தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2006-ஆம் ஆண்டு தொடங்கிய இலவசத் திட்டத்தில் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்த 14 அங்குல வண்ணப் பெட்டி அது. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கையில், புதிதாகக் கற்ற ஆங்கில எழுத்துக்களைக் கண்ட இடத்திலெல்லாம் கூட்டிப் படிக்கும் பித்து எனக்கு இருந்தது. ஒரு நாள் அந்தப் பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த தாளிலிருந்த மூன்று எழுத்துக்களைக் கூட்டி, 'பால்' என்று உரக்கப் படித்தேன். அடுப்படியில் இருந்த அம்மா, "ஏன் தம்பி, டி.வி. பொட்டியில எதுக்குப் பால்னு எழுதியிருக்கான்?" என்று கேட்டார்கள். எனக்கு விடை தெரியவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத அம்மா சற்று நேரம் கழித்து இன்னொன்றும் கேட்டார்கள்: "ராவும் பகலுமா படம் ஓட்டுறானே, இதுக்கெல்லாம் யாரு காசு குடுக்குறா?" அதற்கும் விடை தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இரண்டாம் ஆண்டு மின்னணுவியல் பாடத்தில் அந்த மூன்று எழுத்துக்களை மறுபடி சந்தித்தேன். அது ஜெர்மானியப் பொறியாளர் ஒருவர் வகுத்த வண்ண ஒளிபரப்பு முறையின் பெயர் என்று அறிந்து, அந்நாட்டுத் தொலைக்காட்சியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அம்மாவின் முதல் கேள்விக்கு மட்டுமன்றி இரண்டாம் கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்தது. ஏனெனில் ஜெர்மன் மொழி பேசும் மக்கள் ஒரு நூற்றாண்டிற்குள்ளாகவே தொலைக்காட்சியை நான்கு வேறு கைகளில் கண்டவர்கள்: சர்வாதிகாரியின் கை, கட்சியின் கை, பொதுமக்கள் மன்றத்தின் கை, வணிகரின் கை. அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாணவன் கண்ட கனவு

தொலைக்காட்சியின் விதையை ஊன்றியவர்களுள் ஒருவர் நம்மைப் போன்ற ஒரு மாணவரே. பெர்லினில் படித்துக்கொண்டிருந்த பால் நிப்கோ, 1883-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னிரவில் தம் அறையில் தனித்திருந்தபோது, ஒரு காட்சியைக் கம்பி வழியே அனுப்புவது எங்ஙனம் என்று சிந்தித்தார். அப்போது அவருக்கு வயது 23. வட்டத் தகடு ஒன்றில் சுருள் வடிவில் துளைகளை இட்டுச் சுழற்றினால், ஒவ்வொரு துளையும் காட்சியின் ஒவ்வொரு வரியைக் கடந்து செல்லும். துளை வழியே வரும் ஒளி செலினியம் கலத்தின் மீது விழ, ஒளியின் ஏற்ற இறக்கம் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கமாக மாறும். மறுமுனையில் அதே வேகத்தில் சுழலும் மற்றொரு தகடு அதனை மீண்டும் காட்சியாக்கும். படத்தை வரி வரியாகப் பிரித்து அனுப்பும் இந்த எண்ணமே தொலைக்காட்சியின் உயிர்நாடி.

1884-ஆம் ஆண்டு சனவரியில் நிப்கோ காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் அக்கருவியைச் செய்து பார்க்க அன்று எவரும் முன்வரவில்லை. காப்புரிமை காலாவதியாயிற்று. நிப்கோ இரயில்வே சமிக்ஞைத் துறையில் பொறியாளராகப் பணிக்குச் சென்றுவிட்டார்.

1897-ஆம் ஆண்டு ஃபெர்டினாண்ட் பிரவுன் என்னும் ஜெர்மானிய இயற்பியலறிஞர் கேதோடு கதிர்க் குழாயை உருவாக்கினார். நம் ஆய்வகத்தில் அலைநோக்கியில் நாம் காண்பதும், எங்கள் வீட்டுப் பழைய பெட்டியின் கனத்த கண்ணாடிக் குழாயும் இவர் வழி வந்தவையே. இவர் 1909-ஆம் ஆண்டு மார்க்கோனியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சர்வாதிகாரியின் கையில்

1935-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் பெர்லினில் முறையான தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. நிலையத்திற்கு 'பால் நிப்கோ' என்றே பெயர் சூட்டினார்கள். கனவு கண்ட மாணவருக்கு அப்போது வயது 74. ஆனால் அந்தப் பெருமையைச் சூட்டியவர்கள் யார்? இட்லரின் நாஜிகள்! வானொலியை மக்களின் காதில் ஓதும் கருவியாக ஆக்கிய அவர்கள், தொலைக்காட்சியையும் தங்கள் பெருமைக்கே பயன்படுத்தினார்கள்.

அன்றைய படத்தில் 180 வரிகளே இருந்தன. பெட்டியின் விலை சாமானியர்க்கு எட்டாதது. ஆகவே அஞ்சல் துறை பெர்லினில் பொதுத் தொலைக்காட்சிக் கூடங்களை அமைத்தது. 1936-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் ஒலிம்பிக் போட்டிகளை அக்கூடங்களில் மக்கள் திரண்டு கண்டனர். விளையாட்டரங்கில் பீரங்கி போன்ற பெரிய மின்னணுக் கேமரா ஒன்றை இயக்கிய இளைஞரின் பெயர் வால்டர் புரூக். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் 'பால்' கேள்விக்கு விடை சொல்லப் போகிறவர் இவரே.

பின்னர்ப் போர் வந்தது. பெர்லின் மருத்துவமனைகளில் கிடந்த காயம்பட்ட வீரர்களுக்குப் பொழுதுபோக்குக் காட்டும் பணியோடு அந்நிலையத்தின் ஆயுள் 1944-இல் முடிந்தது.

மக்கள் மன்றத்தின் கையில்

1945-இல் ஜெர்மனி தோற்றது. வானொலி எவ்வளவு எளிதாக ஒரு நாட்டையே நச்சாக்கக்கூடும் என்பதை உலகம் கண்டிருந்தது. ஆகவே மேற்குப் பகுதியை ஆண்ட நேச நாடுகள், 'இனி ஒலிபரப்பு அரசின் கையிலும் இருக்கலாகாது. ஒரே இடத்திலும் குவியலாகாது' என்று முடிவு செய்தன. பிரிட்டிஷ் பகுதியில் இப்பணியை முன்னின்று நடத்தியவர் பி.பி.சி.யின் ஹியூ கிரீன், பிற்காலத்தில் பி.பி.சி.யின் தலைமைப் பதவிக்கு உயர்ந்தவர்.

அவ்வாறு உருவான மாநில நிலையங்கள் 1950-இல் ஒன்றுகூடி ஏ.ஆர்.டி. என்னும் கூட்டமைப்பை நிறுவின. 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் ஹாம்பர்க்கிலிருந்து தொலைக்காட்சி மீண்டும் ஒளிர்ந்தது. மறுநாளே 'டாகஸ்ஷாவ்' என்னும் செய்திக்காட்சி பிறந்தது. இன்றும் இரவு 8 மணிக்கு ஜெர்மானியர் பலர் கடிகாரம் பார்த்து அமர்வது இதற்குத்தான்.

இந்நிலையங்களை மேற்பார்வையிடுவது ஒரு மன்றம். திருச்சபைகள், தொழிற்சங்கங்கள், மகளிர் அமைப்புகள், விளையாட்டுக் கழகங்கள் முதலிய பல தரப்பினரின் பேராளர்கள் அதில் அமர்வார்கள். அரசியல் கட்சியினரும் இருப்பார்கள். ஆனால் அவர்கள் மட்டுமே இருக்க முடியாது.

இந்த ஏற்பாட்டுக்கு முதல் சோதனை விரைவிலேயே வந்தது. மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் அடனாவர், தம் மத்திய அரசின் பிடியில் இரண்டாவது தொலைக்காட்சி ஒன்றைத் தொடங்க 1960-இல் ஒரு நிறுவனத்தை அமைத்தார். மாநிலங்கள் சில நீதிமன்றம் சென்றன. 1961-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒளிபரப்பு மாநிலங்களின் பொறுப்பு; அதனை அரசு தன் ஆதிக்கத்தில் வைத்திருக்கக் கூடாது! போருக்குப் பின் நாட்டை நிமிர்த்திய செல்வாக்குமிக்க தலைவரையே ஒரு தீர்ப்பு தடுத்து நிறுத்தியது. மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து உருவாக்கிய இசட்.டி.எஃப். என்னும் இரண்டாம் அலைவரிசை 1963-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் தொடங்கியது. மைன்ஸ் நகரம் அதன் தலைமையிடம்.

அத்துடன் சோதனை தீர்ந்துவிடவில்லை. இசட்.டி.எஃப்.-இன் முதன்மைச் செய்தி ஆசிரியர் ஒருவரின் பதவியை 2009-இல் அரசியல்வாதிகள் நீட்டிக்க விடவில்லை என்று பெரும் கண்டனம் எழுந்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. மேற்பார்வை மன்றங்களில் அரசைச் சார்ந்தோர் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் இருக்கலாகாது என்று 2014-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சுதந்திரம் என்பது ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் நகையன்று. நாள்தோறும் துலக்க வேண்டிய பாத்திரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி அம்மாவின் இரண்டாம் கேள்வி: யார் காசு? ஜெர்மனியில் மக்களே தருகிறார்கள். 2013 முதல் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு கட்டணம். 2021 ஆகஸ்டு முதல் அது மாதம் 18.36 யூரோ. அரசின் நலத் தொகையில் வாழும் ஏழைகளும், படிப்புதவி பெறும் மாணவர்களும் விலக்குக் கோரலாம். இப்பணம் அரசின் கருவூலத்திற்குச் செல்வதில்லை. எவ்வளவு தேவை என்பதையும் தனியான வல்லுநர் குழுவே கணக்கிடுகிறது. 2021-இல் ஒரு மாநிலம் மட்டும் உயர்வுக்கு ஒப்புதல் தர மறுத்தபோது, ஒளிபரப்பின் சுதந்திரத்தைக் காக்க உயர்வு நடைமுறைக்கு வரவேண்டும் என்று அரசமைப்பு நீதிமன்றமே ஆணையிட்டது. விளம்பரமும் உண்டு, ஆனால் ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். முதன்மை அலைவரிசைகளில் வேலை நாட்களில் 20 நிமிடமே, அதுவும் இரவு 8 மணிக்கு முன்பே.

இக்கட்டணத்தை அங்கு எல்லோரும் மனமுவந்து கட்டுகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 'பார்க்காதவனும் ஏன் கட்ட வேண்டும்?' என்னும் முணுமுணுப்பு உண்டு. 2022-இல் பெர்லின் பகுதி நிலையத்தின் தலைவர், நிலையப் பணத்தைச் செலவிட்ட விதம் குறித்த குற்றச்சாட்டுகளால் பதவி நீக்கப்பட்டார். ஆயினும் பணம் கொடுப்பவன் கேள்வி கேட்கிறான். கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவே இம்முறையின் வலிமை.

'பால்' வந்த கதை

வண்ணத் தொலைக்காட்சியை முதலில் முறைப்படுத்தியவர்கள் அமெரிக்கர்கள். ஆனால் அவர்கள் முறையில் ஒரு குறை இருந்தது. வண்ணச் செய்தியைச் சுமந்து வரும் துணை ஊர்தி அலையில், இன்ன நிறம் என்பதை அலையின் கட்டம் தெரிவிக்கும். நிறத்தின் செறிவை அலையின் வீச்சு தெரிவிக்கும். மலையிலும் கட்டடத்திலும் எதிரொளித்து வரும் வழியில் கட்டம் சிறிது பிசகினால் போதும், நடிகரின் முகம் பச்சையாகவோ ஊதாவாகவோ மாறிவிடும்.

டெலிஃபுங்கன் நிறுவனத்தின் ஹனோவர் ஆய்வகத்தில் இருந்த வால்டர் புரூக் இதற்கு வழி கண்டார். படத்தின் ஒரு வரி விட்டு ஒரு வரியில் வண்ணச் செய்தியின் ஒரு கூற்றைத் தலைகீழான கட்டத்தில் அனுப்பினார். வழியில் நேரும் பிழை இரண்டு வரிகளையும் ஒன்றுபோலவே பாதிக்கும். ஆனால் பெறும் பெட்டியில் தலைகீழ் வரியை நிமிர்த்தும்போது அதிலுள்ள பிழை எதிர்த் திசைக்குத் திரும்பிவிடும். இரு வரிகளையும் கூட்டினால் பிழையும் பிழையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். செறிவு மட்டும் ஒரு சிறிது குறையும், நிறம் மாறாது.

கூட்டுவதற்கு முதல் வரியை, அடுத்த வரி வரும்வரை நிறுத்தி வைக்க வேண்டுமல்லவா? நொடிக்கு 25 படம், படத்திற்கு 625 வரி. ஆக நொடிக்கு 15,625 வரிகள். ஒரு வரிக்கான நேரம் 64 மைக்ரோ நொடி. அந்த அளவு நேரம் செய்தியைத் தாமதப்படுத்த, மின்னலையை மீயொலியாக்கிக் கண்ணாடித் துண்டின் வழியே செலுத்தினார்கள். செய்தியை ஒரு வரி நேரம் தாமதப்படுத்தும் உத்தி பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி டி பிரான்ஸ் வகுத்த முறையிலும் இருந்தது. பிறர் கண்ட நல்லதையும் இணைத்துக்கொண்டு புரூக் தம் முறையை நிறைவு செய்தார்.

ஆங்கிலத்தில் 'வரிக்கு வரி கட்டம் மாறுவது' என்னும் பொருள் தரும் சொற்களின் முதலெழுத்துக்களே அந்தப் 'பால்'. தம் பெயரையே ஏன் சூட்டவில்லை என்று கேட்டபோது, 'புரூக்' என்றால் ஜெர்மன் மொழியில் உடைசல் என்று பொருள். உடைசல் முறையை யார் வாங்குவார்கள் என்று அவர் சிரித்ததாகச் சொல்வார்கள்.

1967-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் பெர்லின் கண்காட்சியில் அன்றைய துணைத் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட் பொத்தானை அழுத்த, மேற்கு ஜெர்மனியில் வண்ணம் மலர்ந்தது. அது வெறும் போலிப் பொத்தான். அவர் விரல் முழுதும் அழுத்துவதற்குள் உள்ளேயிருந்த ஊழியர் வண்ணத்தைத் திறந்துவிட்டார் என்பது சுவையான செய்தி. இந்தியா வண்ணத்திற்கு மாறியது 1982-இல், தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் ஆண்டில். நாமும் தேர்ந்தது பால் முறையையே. அந்த வழியில்தான் ஹனோவர் ஆய்வகத்தின் மூன்று எழுத்துக்கள் எங்கள் வீட்டுப் பெட்டியின் முதுகிற்கு வந்து சேர்ந்தன.

சுவரைத் தாண்டிய அலை

கிழக்கு ஜெர்மனியில் கதை வேறு. அங்குத் தொலைக்காட்சி ஆளும் கட்சியின் கையில் இருந்தது. 1952 டிசம்பர் 21-ஆம் நாள், மேற்கிற்கு நான்கு நாள் முந்தியே, சோதனை ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். குழந்தைகளை உறங்க வைக்கும் குட்டி மணல் மனிதன் பொம்மைக்காட்சியையும் 1959 நவம்பரில் மேற்கிற்கு ஒரு வாரம் முந்தியே காட்டினார்கள். அந்தப் பொம்மையை நாடு மறைந்த பிறகும் குழந்தைகள் மறக்கவில்லை. இன்றும் அது வருகிறது. ஆகவே கட்சித் தொலைக்காட்சியில் கலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. செய்திதான் கட்சியின் குரலாக இருந்தது.

1961-இல் பெர்லினில் சுவர் எழும்பியது. மனிதர் நின்றுவிட்டனர், அலை நிற்கவில்லை. இதன் இயற்பியல் எளிது. தொலைக்காட்சிக்குரிய மீஉயர் அதிர்வெண் அலைகள் அயனி மண்டலத்தில் எதிரொளிப்பதில்லை. ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும். புவியின் வளைவு மறைக்கும்வரை அவை எட்டும். அந்தத் தொலைவு, புவியின் ஆரத்தையும் கோபுர உயரத்தையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். எல்லையை ஒட்டிப் பவேரியாவில் உள்ள ஆக்சன்கோப்ஃப் மலையின் உயரம் 1,024 மீட்டர். கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் 114 கிலோமீட்டர் வரும். அந்த மலை மீதிருந்த ஒளிபரப்பு கிழக்கின் பல ஊர்களுக்குள் தாராளமாகச் சென்றது. சுவர் எழுந்த அதே ஆண்டில் கட்சியின் இளைஞர்கள் வீடுகளின் கூரை மேலேறி, மேற்கு நோக்கிய ஆண்டெனாக்களைத் திருப்பியும் பிடுங்கியும் போட்டார்கள். மக்கள் இரவில் மறுபடி திருப்பிக்கொண்டார்கள்.

ஆசிரியர்கள் சிறு குழந்தைகளிடம், "உங்கள் வீட்டில் செய்தியின் போது தெரியும் கடிகாரத்தில் புள்ளி இருக்கிறதா, கோடு இருக்கிறதா?" என்று கேட்பதுண்டாம். இரு நாட்டுக் கடிகாரங்களும் வேறு வேறு. குழந்தை கள்ளமின்றிச் சொல்லும் விடையிலிருந்து பெற்றோர் எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும்! பெற்ற பிள்ளையின் வாய்க்கே அஞ்ச வேண்டிய நிலை. பின்னர் ஆட்சியாளர்களும் சலித்துப்போனார்கள். விரும்பியவர் போடலாம், நிறுத்தலாம் என்று 1973-இல் கட்சித் தலைவர் ஹோனெக்கரே ஒப்புக்கொண்டார். கிழக்கில் 1969-இல் வண்ணம் வந்தபோது பால் முறையை விடுத்துப் பிரெஞ்சு முறையை ஏற்றிருந்தார்கள். ஆகவே மேற்கின் வண்ணப் படம் அங்குக் கறுப்பு வெள்ளையாகவே தெரிந்தது. பலர் பால் இணைப்பைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொண்டனர்.

ஆனால் எல்பா ஆற்றுப் பள்ளத்தில், எல்லைக்கு வெகு தொலைவில் இருந்த டிரெஸ்டன் நகருக்கு மேற்கின் அலை எட்டவில்லை. அவ்வட்டாரத்தை 'அறியாதோர் பள்ளத்தாக்கு' என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள். இங்கே வியப்பான செய்தி ஒன்று உண்டு. மேற்குத் தொலைக்காட்சியைப் பார்த்தவர்களே ஆட்சியை மிகுதியாக வெறுத்திருப்பார்கள் என்றுதான் நாம் எண்ணுவோம். பழைய ஆவணங்களை ஆராய்ந்து 2009-இல் கட்டுரை வெளியிட்ட அறிஞர் இருவர் கண்டது வேறு. மாலைதோறும் மேற்கின் படங்களைப் பார்த்துப் பொழுதைக் கழித்தவர்கள் ஓரளவு அமைதியடைந்தார்கள்; அது கிட்டாத டிரெஸ்டன் பகுதியிலேயே மனக்குறை மிகுந்திருந்தது. தொலைக்காட்சி விழிக்கவும் வைக்கும், உறங்கவும் வைக்கும் போலும்!

1989-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் அது விழிக்க வைத்தது. மாலையில் கிழக்கின் கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி, நேரடி ஒளிபரப்பான நிருபர் கூட்டத்தில், மக்கள் வெளிநாடு செல்லலாம் என்ற புதிய விதியைப் படித்தார். எப்போது முதல் என்று கேட்டதற்குத் தடுமாறி, தமக்குத் தெரிந்தவரை உடனே என்று சொல்லிவிட்டார். இரவு 8 மணிக்கு மேற்கின் செய்திக்காட்சி, கிழக்கு தன் எல்லையைத் திறக்கிறது என்று அறிவித்தது. 10.42-க்குத் தொடங்கிய பின்னிரவுச் செய்தியில் வாயில்கள் அகலத் திறந்துவிட்டதாகவே கூறினார்கள். உண்மையில் அந்நேரம் வாயில்கள் அவ்வாறு திறக்கப்படவில்லை! ஆனால் அதைக் கண்ட கிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் வாயிலுக்கு விரைந்தார்கள். கூட்டத்தைத் தாங்க முடியாமல் 11.30 மணியளவில் போர்ன்ஹோல்மர் தெரு வாயிலைக் காவலர்கள் முற்றிலும் திறந்தார்கள். செய்தி முந்தியது, நிகழ்ச்சி பிந்தியது. கட்சித் தொலைக்காட்சியும் 1991 டிசம்பர் 31-உடன் மறைந்தது.

வணிகரின் கையில்

இதற்கிடையே மேற்கில் நான்காவது கையும் நுழைந்திருந்தது. 1984 சனவரி 1-ஆம் நாள் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் கேபிள் சோதனைத் திட்டத்தில் முதல் தனியார் ஒளிபரப்புத் தொடங்கியது; இதுவே பின்னர் சாட் ஐன்ஸ் ஆயிற்று. மறுநாள் லக்சம்பர்கிலிருந்து ஆர்.டி.எல். பிளஸ் வந்தது. விளம்பரமே இவற்றின் வருவாய். பார்வையாளருக்குத் தேர்வு பெருகியது. மலிவான வேடிக்கையும் பெருகியது. நீதிமன்றம் 1986-இல் இவ்விரண்டையும் எடை போட்டது. பொதுமக்கள் நிலையங்கள் எல்லார்க்கும் அடிப்படைச் சேவையை அளித்து வரும் வரையில், தனியார் ஒளிபரப்பின் மீது அத்துணைக் கடுமையான நிபந்தனை வேண்டுவதில்லை என்று தீர்ப்பளித்தது. அன்று முதல் இரு காளை பூட்டிய வண்டி போல இரண்டும் ஓடுகின்றன.

ஒரே மொழி, பல நாடுகள்

ஜெர்மன் மொழி ஜெர்மனிக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரியாவில் ஓ.ஆர்.எஃப். நிறுவனத்தின் தொலைக்காட்சிச் சோதனை 1955-இல் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனம் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரொமான்ஷ் ஆகிய நான்கு மொழிகளுக்கும் பணியாற்றுகிறது. ரொமான்ஷ் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும் அவர்க்கும் பங்குண்டு. சுவிஸ் ஜெர்மன் தொலைக்காட்சியில் முதன்மைச் செய்தியை எழுத்து மொழியில் வாசிக்கிறார்கள். உரையாடல்களில் ஊர்ப் பேச்சு மொழி வருகிறது. எழுத்துத் தமிழையும் பேச்சுத் தமிழையும் சேர்ந்தே ஆளும் நமக்கு இது வியப்பாகத் தோன்றாது.

முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலியோடு இணைக்கப்பட்ட தென் தைரோல் மலைநாட்டில் ஜெர்மன் பேசும் மக்கள் வாழ்கிறார்கள். இவர்களுக்காக இத்தாலியின் அரசு நிறுவனமே 1966 முதல் ஜெர்மன் மொழியில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் தருகிறது. ஒரு நாட்டில் சிறுபான்மையாக வாழ்வோர்க்குத் தம் மொழியில் செய்தி கேட்கும் உரிமை எத்துணைப் பெரிது என்பதைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இம்மக்களை ஒரு கூரையின்கீழ்க் கொண்டுவர 1984 டிசம்பர் 1-ஆம் நாள் 'த்ரைசாட்' என்னும் செயற்கைக்கோள் அலைவரிசை பிறந்தது. இசட்.டி.எஃப்., ஓ.ஆர்.எஃப்., சுவிஸ் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து கலை, அறிவியல், பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்காக இதனைத் தொடங்கின. ஏ.ஆர்.டி. 1993-இல் சேர்ந்தது. நூறாண்டுப் பகைவர்களான ஜெர்மனியும் பிரான்சும் கைகோத்து 1992-இல் 'ஆர்ட்டே' என்னும் இருமொழி அலைவரிசையைத் தொடங்கியதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

கடல் கடந்த ஜெர்மன் அலை

வெளிநாட்டிற்கான குரல் டாய்ச்ச வெல்லே. இதன் பொருளே 'ஜெர்மன் அலை' என்பதுதான். 1953 மே 3-ஆம் நாள் சிற்றலை வானொலியாக ஜெர்மன் மொழியில் இது தொடங்கியது. சிற்றலை அயனி மண்டலத்தில் எதிரொளித்துத் தாவித் தாவிக் கடல் கடக்கும். ஆகவேதான் தொலைக்காட்சி அலை எட்டாத இடத்தையும் அது எட்டியது. பின்னர் இந்தி, வங்காளம் உள்ளிட்ட பல மொழிகளில் பேசத் தொடங்கியது. 1992 ஏப்ரல் 1-ஆம் நாள் பெர்லினிலிருந்து தொலைக்காட்சியும் உலகிற்குப் புறப்பட்டது.

இங்கே பணத்தின் வழி வேறு. உள்நாட்டு ஒளிபரப்பு மாநிலங்களின் பொறுப்பு. வெளிநாட்டு ஒளிபரப்பு மத்திய அரசின் பொறுப்பு. ஆகவே டாய்ச்ச வெல்லேயின் செலவு வரிப்பணத்திலிருந்து வருகிறது. அரசு பணம் தந்தாலும் செய்தியில் தலையிடக் கூடாது என்று சட்டம் காவல் நிற்கிறது.

தாய்மொழியில் காட்டிய அந்தத் தொலைக்காட்சிக்கு நேர்ந்தது நம்மைச் சிந்திக்க வைக்கும். 2002-இல் அமெரிக்காவில் வாழும் ஜெர்மானியர்க்கென்று கட்டண அலைவரிசை ஒன்றை ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். ஆகியவற்றோடு சேர்ந்து தொடங்கினார்கள். போதிய சந்தாதாரர் இன்றி 2005-இல் மூடினார்கள். செலவைக் குறைக்கும் பொருட்டு டாய்ச்ச வெல்லேயின் ஜெர்மன் மொழித் தொலைக்காட்சி அலைவரிசையே 2023 முடிவோடு நிறுத்தப்பட்டது. ஆங்கிலமும் ஸ்பானிஷும் அரபியும் தொடர்ந்தன. முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் அந்நிறுவனம் இன்று செய்தி தருகிறது. இணைய வழியே தமிழும் அவற்றுள் ஒன்று. ஜெர்மன் அலை உலகம் முழுதும் பேசுகிறது; ஆனால் பெரும்பாலும் கேட்பவரின் மொழியிலேயே பேசுகிறது. பிறர் மனத்தை எட்ட விரும்புவோர் பிறர் மொழிக்கு இறங்கி வரவே வேண்டும் போலும்.

முடிவுரை

அலைக்கு நாடில்லை, கட்சியில்லை, சாதியில்லை. மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளில் கொடுங்கோலனுக்கு ஓர் உறுப்பும் நல்லவனுக்கு ஓர் உறுப்பும் இல்லை. 1935-இல் பெர்லினில் எழுந்த அலையும் 1952-இல் ஹாம்பர்க்கில் எழுந்த அலையும் ஒரே விதியின்படிதான் சென்றன. வேறுபாடு கோபுரத்தின் அடியில் இருந்த கையில் இருந்தது. அந்தக் கையை யார் நியமிக்கிறார், யார் பணம் தருகிறார், தவறினால் யார் கேட்கலாம் என்னும் மூன்று கேள்விகளுக்கும் சட்டத்தில் விடை எழுதி வைத்ததே ஜெர்மானியர் தம் துயரத்திலிருந்து கற்ற பாடம்.

நம் நாட்டிலும் ஒரு காலத்தில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அஞ்சல் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டியதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இன்று அது இல்லை. கட்டணம் இல்லை என்பதால் செலவும் இல்லை என்று ஆகிவிடாது. நாம் நேராகத் தராத காசை விளம்பரக்காரரோ, அரசோ, அரசியல் சார்ந்தவரோ தருகிறார். தருகிறவர் எதிர்பார்ப்பது என்ன என்று கேட்பது படித்தவர் கடமை.

சென்ற விடுமுறையில் அம்மாவிடம் இரண்டு கேள்விகளுக்கும் விடை சொன்னேன். வரியும் கட்டமும் அவர்களுக்கு விளங்கவில்லை. "ஒண்ணோட தப்பை இன்னொண்ணு சரி பண்ணுது" என்ற அளவில் எடுத்துக்கொண்டார்கள். கட்டணக் கதையை மட்டும் கவனமாகக் கேட்டார்கள். "காசு குடுக்குறவன் பேச்சுதானே எடுபடும்? அங்க சனங்களே குடுக்குறாங்க, அப்ப சனங்க பேச்சு எடுபடும்" என்றார்கள். நான் பல நாள் படித்து அறிந்ததை அம்மா ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்காமல் இருந்திருந்தால் நான் தேடியிருக்கவே மாட்டேன். ஆகவே இக்கட்டுரையின் பெருமை ஏதேனும் இருப்பின், அது கேள்வி கேட்டவர்க்கே உரியது.